பஞ்சமி நிலம் (செங்கல்பட்டு)

பஞ்சமி நிலம் என்பது பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாண அரசு, தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனைகளுடன் ஒதுக்கி வழங்கிய நிலம் ஆகும். 1891ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் எழுதிய அறிக்கை ஒன்றே இத்திட்டத்திற்கு அடிப்படையாக அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1892ஆம் ஆண்டில் அரசாணை பிறப்பிக்கப்பட்டது. இத்தகைய நிலத்தைப் பெற்றவர்கள் அதனைப் பிற சமூகத்தவருக்கு விற்க இயலாது. ஆயினும் காலப்போக்கில் பெரும்பகுதி நிலம் பிறர் கைக்கு மாறியது. அதனை மீட்கக் கோரிய போராட்டங்களில் குறிப்பிடத்தக்கது 1994ஆம் ஆண்டில் செங்கல்பட்டுப் பகுதியில் நடைபெற்ற காரணைப் போராட்டம் ஆகும்.

குடியிருக்கும் மனையும் உழுது உண்ணும் நிலமும் பிறப்பின் காரணமாக மறுக்கப்படுவது பல நாடுகளில் காணப்பட்ட நிலையாகும். ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின மக்கள் எதிர்கொண்ட வீட்டுவசதிப் பாகுபாடும், அதனைக் கருப்பொருளாகக் கொண்ட லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் மேடை நாடகமும் செங்கல்பட்டின் வரலாற்றோடு ஒப்புநோக்கத் தக்கவை.

பெயர்

நால்வகை வருணங்களுக்குப் புறம்பாக, ஐந்தாவதாக வைக்கப்பட்டோர் என்னும் பொருளில் 'பஞ்சமர்' என்ற சொல் அரசு ஆவணங்களில் பயன்படுத்தப்பட்டது. அவர்களுக்கு வழங்கப்பட்ட நிலம் பேச்சு வழக்கில் 'பஞ்சமி நிலம்' ஆயிற்று. வருவாய்த்துறை ஆவணங்களில் இது 'டி.சி. நிலம்' எனவும் 'நிபந்தனைப் பட்டா' எனவும் குறிக்கப்படுகிறது. 'டி.சி.' என்பது தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாகும். 1922ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு பழைய சாதிப் பெயர்களுக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. எனினும் நிலத்தின் பெயர் மட்டும் மாறாமல் நிலைத்துவிட்டது.

பின்னணி

மிராசு முறை

இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம், ஆற்காடு நவாபிடமிருந்து 1763ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த 'ஜாகீர்' பகுதியாகும். இங்குள்ள பல ஊர்களில் மிராசு முறை வலுவாக இருந்தது. ஊரின் நிலங்கள் முழுவதிலும் பரம்பரை உரிமை கொண்டாடிய குடும்பத்தினர் மிராசுதாரர்கள் எனப்பட்டனர். அவர்களுடைய உரிமை விளைநிலத்தோடு நிற்கவில்லை. தரிசு நிலம், மரங்கள், குளங்கள், குடியிருப்பு மனைகள் ஆகியவற்றின் மீதும் அவர்கள் உரிமை கோரினர். லயனல் பிளேஸ் 1790களில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த காலம் முதல் மிராசு உரிமை எதுவரை செல்லும் என்பது அரசுக்கும் மிராசுதாரர்களுக்கும் இடையே தீராத வழக்காக இருந்தது.

தரிசு நிலத்தைப் பயிரிட விரும்புவோர் அரசிடம் விண்ணப்பிக்கும் முறைக்குத் 'தர்காசு' என்று பெயர். மிராசு ஊர்களில் ஒருவர் தர்காசு கொடுத்தால், அந்நிலத்தை எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை மிராசுதாரருக்கே அளிக்கப்பட்டது. சேரியைச் சேர்ந்த ஒருவர் விண்ணப்பித்தவுடன் மிராசுதாரர் தம் முன்னுரிமையைக் காட்டி அந்நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள இதனால் இயன்றது. நிலம் தரிசாகக் கிடந்தபோதும் அது சேரி மக்களுக்குக் கிட்டாமற் போனதற்கு இவ்விதி முக்கியக் காரணமாகும்.

படியாள் முறை

நிலமற்ற குடும்பங்கள் பெரும்பாலும் படியாட்களாக வேலை செய்தன. தானியமாகப் படியளக்கப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. திருமணம் போன்ற செலவுகளுக்காக நிலவுடைமையாளரிடம் முன்பணம் பெறுபவர், அதனைத் திருப்பிச் செலுத்தும்வரை வேறிடம் செல்ல இயலாது. கூலியைக் கொண்டு அக்கடனை அடைப்பது அரிது. ஆகவே தந்தை பட்ட கடன் மகனைச் சேர்ந்தது. ஒருவர் பெயரில் எழுதப்பட்ட கடனுக்காக மனைவியும் பிள்ளைகளும் வேலை செய்ய வேண்டியிருந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிய பின்னரும், கடன் வழியாக இக்கட்டு தொடர்ந்தது.

சேரி நத்தம்

ஊர், சேரி எனக் குடியிருப்புகள் பிரிந்திருந்தன. சேரி அமைந்திருந்த மனை நிலமும் மிராசுதாரருடையது எனப் பல இடங்களில் கருதப்பட்டது. எனவே கூலி உயர்வு கேட்பவரையும், வேறொருவரிடம் வேலைக்குச் செல்பவரையும் வீட்டை விட்டு வெளியேற்றும் ஆற்றல் நிலவுடைமையாளரிடம் இருந்தது. குடிசைச் சுவரும் கூரையும் குடும்பத்தின் உழைப்பாக இருந்தாலும் அடிமனை அவர்களுடையதன்று. பிற்காலத்தில் மனைப்பட்டா முதன்மையான கோரிக்கையாக எழுந்ததற்கு இதுவே காரணம்.

திரெமென்ஹீரின் அறிக்கை

ஜேம்ஸ் ஹென்றி அப்பர்லி திரெமென்ஹீர் என்பவர் 1891ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் மாவட்டத் தலைமையிடம் சைதாப்பேட்டையில் அமைந்திருந்தது. அவர் 'செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு' என்னும் தலைப்பில் விரிவான அறிக்கை ஒன்றை எழுதி மாகாண அரசுக்கு அனுப்பினார். இம்மக்களின் உணவு, உடை, குடியிருப்பு, கடன், கூலி, கல்வி ஆகியவற்றை அது எடுத்துரைத்தது. வறுமைக்குக் காரணம் இம்மக்களின் பழக்கவழக்கம் அன்று என்றும், நிலத்தையும் மனையையும் அடைய முடியாதபடி அமைந்த விதிகளும் ஆதிக்கமுமே என்றும் அவ்வறிக்கை வாதிட்டது.

அறிக்கையின் முக்கியப் பரிந்துரைகள் பின்வருமாறு:

* சேரி மனைகளில் குடியிருப்போருக்கு அம்மனைகளின் மீது உரிமை உறுதிசெய்யப்பட வேண்டும்.
* தரிசு நிலங்களை இம்மக்களுக்கு வழங்க வேண்டும். அதற்குத் தடையாக உள்ள தர்காசு விதிகள் மாற்றப்பட வேண்டும்.
* தொழிலாளர்களைக் கடனால் கட்டிவைக்கும் ஒப்பந்தங்கள் ஒழுங்குபடுத்தப்பட வேண்டும்.
* கல்விக்குத் தனி ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும்.

இக்காலத்தில் செங்கல்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வில்லியம் கவுடி ஆகிய கிறித்தவ மதப்பணியாளர்களும் சேரி மக்களின் நிலமின்மையைக் குறித்து எழுதியும் முறையிட்டும் வந்தனர். தாழ்த்தப்பட்டோர் தாமே அமைப்புகளை உருவாக்கியதும் இதே காலத்தில்தான். செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசன் 1891ஆம் ஆண்டில் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்தார். 1893ஆம் ஆண்டில் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1891ஆம் ஆண்டில் திராவிட மகாசன சபையை அமைத்தார். எனவே பஞ்சமி நிலம் ஓர் ஆட்சியரின் இரக்கத்தால் மட்டும் விளைந்தது எனக் கூறுவது பொருந்தாது.

1892ஆம் ஆண்டின் அரசாணை

மாகாண வருவாய் வாரியம் அறிக்கையின் பல பரிந்துரைகளை ஏற்கத் தயங்கியது. மிராசு உரிமையில் கைவைத்தால் நிலவரி வருவாய் பாதிக்கப்படும் என்ற அச்சமும், நிலவுடைமையாளரின் எதிர்ப்பும் இதற்குக் காரணங்களாக இருந்தன. இறுதியில் 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை அரசாணை எண் 1010, 1010ஏ பிறப்பிக்கப்பட்டது. இதன்படி பயிரிடப்படாத நிலத்தை இம்மக்களுக்கென ஒதுக்க வழி ஏற்பட்டது. தொடர்ந்து 1893ஆம் ஆண்டில் கல்வி தொடர்பாக வெளியான அரசாணை, பஞ்சமர் கல்வியின் 'மகா சாசனம்' என அழைக்கப்பட்டது.

நில ஒப்படைப்புக்கான நிபந்தனைகள் வருவாய் வாரிய நிலையாணைகளில் வகுக்கப்பட்டன. பொதுவாக அறியப்படும் நிபந்தனைகள் வருமாறு:

* நிலத்தைப் பெற்றவர் முதல் பத்து ஆண்டுகளுக்கு அதனை விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது.
* பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டுமே மாற்றலாம்.
* இவற்றை மீறிச் செய்யப்படும் மாற்றம் செல்லாது.
* மீறல் நேர்ந்தால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்படைப்பு தொடக்கத்தில் மிக மெதுவாகவே நடைபெற்றது. 1920ஆம் ஆண்டை ஒட்டித் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தாழ்த்தப்பட்டோர் நலப் பணிகளை ஏற்ற பின்னர் இப்பணி விரிவடைந்தது. சென்னை மாகாணத்தில் மொத்தம் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் நிலம் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது.

நிலம் கைமாறிய வழிகள்

சட்டப்படி மாற்ற இயலாத நிலம் நடைமுறையில் பல வழிகளில் கைமாறியது. அவற்றுட் சில:

* அடகும் குத்தகையும்: சிறு தொகைக்காக நிலத்தின் அனுபவம் எழுத்தின்றியோ வெற்றுத்தாளில் பெற்ற கைந்நாட்டின் பேரிலோ பிறரிடம் சென்றது. கடன் திரும்பச் செலுத்தப்படாதபோது நிலம் திரும்பவில்லை.
* பினாமி மாற்றம்: அதே வகுப்பைச் சேர்ந்த வேறொருவர் பெயரில் பத்திரம் எழுதப்பட்டு, உண்மையான அனுபவம் பிறரிடம் இருந்தது.
* அதிகார ஆவணம்: விற்பனைப் பத்திரத்திற்குப் பதிலாகப் பொது அதிகார ஆவணம் எழுதி வாங்கி, அதன் பேரில் மனைப்பிரிவுகள் போடப்பட்டன.
* பதிவேட்டு மாற்றம்: தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பழைய 'அ' பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்புகள் பல இடங்களில் புதிய பதிவேட்டில் ஏறவில்லை என்று நில உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டுகின்றன. குறிப்பு மறைந்தால் அந்நிலம் சாதாரணப் பட்டா நிலமாகத் தோன்றும்.

இதனால் பஞ்சமி நிலத்தை அடையாளம் காண இன்றைய பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றை மட்டும் பார்த்தல் போதாது. பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே உள்ள குறிப்பையும், பழைய எண் எந்தப் புதிய எண்ணாக மாறியது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழ் பதிவு செய்யப்பட்ட ஆவணங்களை மட்டுமே காட்டும். ஒப்படைப்பின்போது விதிக்கப்பட்ட நிபந்தனையை அது காட்டாமற் போகலாம்.

குடும்பமும் நிலமும்

பஞ்சமி நிலம் தனியொருவர் பெயரில் வழங்கப்பட்டாலும் அது குடும்பம் முழுவதற்குமான பிடிப்பாகவே கருதப்பட்டது. ஓர் ஏக்கர் நிலம் படியாள் வேலையிலிருந்து ஒரு குடும்பத்தை முழுவதுமாக விடுவிக்காது. ஆனால் கூலியை மறுத்துப் பேசவும், வேறு ஊரில் பெண் கொடுக்கவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் அது ஓரளவு துணை நின்றது.

அதே நிலம் குடும்பத்திற்குள் இழுபறிக்கும் காரணமாக அமைவதுண்டு. முதலில் பெற்றவர் இறந்த பின்னர் பட்டா அவர் பெயரிலேயே தங்கிவிடுவதும், வாரிசுகள் பலவாகப் பெருகுவதும் வழக்கமாகும். திருமணம், மருத்துவம், வெளியூர் வேலைக்கான செலவு ஆகியவற்றுக்குப் பணம் தேவைப்படும்போது, நிலத்தை விட்டுக்கொடுத்துப் பணம் பெறலாம் என ஒரு தரப்பும், அது முன்னோர் தேடித் தந்த ஒரே உடைமை என மறு தரப்பும் நிற்கின்றன. நிபந்தனை காரணமாக வெளிச்சந்தை விலை கிடைப்பதில்லை. முறைகேடாக வாங்குபவர் குறைந்த தொகையே தருவார். பின்னர் மாற்றம் செல்லாது எனக் கூறி நிலத்தை மீட்க ஒருவர் முயன்றால், முன்பு பணம் பெற்ற உறவினரே எதிர்ச்சாட்சியாக நிறுத்தப்படும் நிலையும் உருவாகலாம்.

பெண்களின் பங்கும் இங்குக் கவனிக்கத்தக்கது. 1989ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கு மகன்களோடு சமமான உரிமை அளித்தது. ஆயினும் பழைய ஒப்படைப்புகளில் ஆண்களின் பெயர்களே பெரிதும் இடம்பெற்றதால், வயலில் உழைத்த பெண்களின் உரிமை பதிவேட்டில் தெரிவதில்லை.

விற்பனைத் தடை குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. உரிமையாளர் தம் நிலத்தைத் தாமே கையாள இயலாதபடி செய்வது அவரை முதிராதவராக நடத்துவதாகும் என்பது ஒன்று. ஏற்றத்தாழ்வான சந்தையில் தடை இல்லையேல் நிலமே எஞ்சியிராது என்பது மற்றொன்று. நில மீட்பு இயக்கங்கள் இரண்டாம் கருத்தையே பெரிதும் ஆதரிக்கின்றன.

காரணைப் போராட்டம்

அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டை (1991) ஒட்டித் தமிழ்நாட்டில் தலித் இயக்கங்கள் எழுச்சி பெற்றன. செங்கல்பட்டுப் பகுதியில் பஞ்சமி நில ஆவணங்களைத் திரட்டி, நிலத்தை மீட்கும் முயற்சிகள் தொடங்கின. காரணை என்னும் ஊரில் பிறர் கைக்குச் சென்ற பஞ்சமி நிலத்தில் 1994ஆம் ஆண்டில் மக்கள் நுழைந்து உரிமை கோரினர். அங்கு அம்பேத்கர் சிலையும் நிறுவப்பட்டது. சிலை அகற்றப்பட்டதும் போராட்டக்காரர்கள் கைது செய்யப்பட்டதும் எதிர்ப்பை வளர்த்தன. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடைபெற்ற ஆர்ப்பாட்டத்தின்போது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இதில் இரு தலித் இளைஞர்கள் உயிரிழந்தனர்.

இந்நிகழ்வுக்குப் பின்னர் பஞ்சமி நிலம் என்ற சொல் செங்கல்பட்டைத் தாண்டித் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டது. அக்டோபர் 10ஆம் நாளில் நினைவஞ்சலிக் கூட்டங்கள் நடத்தப்பட்டு வந்துள்ளன.

சட்ட நிலை

1989ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இம்மக்களுக்கு உரிய அல்லது ஒதுக்கப்பட்ட நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பஞ்சமி நிலத்திற்கான நிபந்தனைகள் செல்லத்தக்கவை என்றும், அவற்றுக்கு மாறாக வாங்கியவருக்கு உரிமை கிட்டாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் கூறியுள்ளது. பல ஆண்டுகளாக அனுபவத்தில் உள்ளது என்பதாலோ, கட்டடம் எழுப்பப்பட்டுள்ளது என்பதாலோ நிபந்தனை தானாக மறைந்துவிடாது.

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் பஞ்சமி நிலங்களை அடையாளம் காண ஒரு குழுவை அமைத்தது. ஆயினும் மாநிலம் முழுவதற்குமான மீட்பு நிறைவேறவில்லை. மீட்பு என்பது ஒரு நிலத்தின் பழைய பதிவேடு, இடைப்பட்ட பத்திரங்கள், இன்றைய அனுபவம், முதலில் பெற்றவரின் வாரிசுகள் ஆகிய நான்கையும் ஒருங்கே நிறுவ வேண்டிய பணியாதலால் காலம் நீள்கிறது.

மாமல்லபுரக் கடற்கரைப் பகுதி

கோவளம், கேளம்பாக்கம், திருப்போரூர் முதல் மாமல்லபுரம் வரையிலான பகுதி நீண்ட காலமாக மணற்பாங்கான நிலம், சவுக்குத் தோப்பு, உப்பளம், மீனவர் குப்பம் ஆகியவற்றைக் கொண்டிருந்தது. வேளாண்மைக்கு மதிப்புக் குறைந்த தரிசாகக் கருதப்பட்ட இந்நிலங்களின் நிலை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேம்பாடு, பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வருகை, கடற்கரை விடுதிகள் ஆகியவற்றால் மனை விலை பன்மடங்கு உயர்ந்தது. முன்பு யாரும் விரும்பாத நிலமே பின்னர் அதிகப் போட்டிக்குரியதாயிற்று. எனவே நிபந்தனை நிலங்களின் மீதான அழுத்தம் இப்பகுதியில் மிகுதியாகும்.

மனை உரிமை என்பது பஞ்சமி நிலத்தோடு நின்றுவிடும் கேள்வி அன்று. 2021 அக்டோபரில் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானம் ஒன்றில் நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்ட செய்தி காணொளி வழியே பரவியது. அறநிலையத்துறை அமைச்சர் பி. கே. சேகர்பாபு அப்பெண்ணோடு அமர்ந்து உணவருந்தினார். 2021 நவம்பர் 4 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அருகிலுள்ள பூஞ்சேரிக்குச் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு மனைப்பட்டா உள்ளிட்டவற்றை வழங்கினார். இவை பஞ்சமி நிலங்கள் அல்ல. எனினும் பந்தியில் இடம் மறுக்கப்பட்ட நிகழ்வுக்கு விடையாக மனைப்பட்டாவும் அளிக்கப்பட்டது, 1891ஆம் ஆண்டின் அறிக்கை சுட்டிய தொடர்பை நினைவூட்டுவதாகும்.

அமெரிக்க ஒப்பீடு

உடன்படிக்கைகளும் வழக்கும்

ஐக்கிய அமெரிக்காவின் சிகாகோ முதலிய நகரங்களில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இனக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகள் வழக்கில் இருந்தன. ஒரு வட்டாரத்தின் வீட்டு உரிமையாளர்கள், தம் வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என எழுதிப் பதிவு செய்தனர். கார்ல் ஹான்ஸ்பெரி என்னும் கறுப்பினத்தவர் 1937ஆம் ஆண்டில் இத்தகைய வட்டாரத்தில் வீடு வாங்கினார். அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். 1940ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் உடன்படிக்கை முறையே தவறு எனக் கூறாமல், வழக்கு நடைமுறை சார்ந்த காரணத்தையே கொண்டது. இத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்ற தீர்ப்பு 1948ஆம் ஆண்டில்தான் வந்தது. வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

'எ ரெய்சின் இன் த சன்'

கார்ல் ஹான்ஸ்பெரியின் மகள் லொரெய்ன் ஹான்ஸ்பெரி (1930–1965) எழுதிய நாடகம் 'எ ரெய்சின் இன் த சன்' ஆகும். 'வெயிலில் ஓர் உலர்திராட்சை' என இதன் பெயரைத் தமிழிற் கூறலாம். 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் இது முதன்முதலில் மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிப் பிராட்வேயில் நிகழ்த்தப்பட்ட முதல் நாடகம் இதுவே. லாயிட் ரிச்சர்ட்ஸ் இயக்கினார். சிட்னி பாய்ட்டியே முதன்மை வேடத்தில் நடித்தார். 1961ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வெளிவந்தது.

சிகாகோவின் நெருக்கடியான குடியிருப்பு ஒன்றில் வாழும் யங்கர் குடும்பத்திற்கு, இறந்துபோன தந்தையின் ஆயுள் காப்பீட்டுத் தொகையாக 10,000 டாலர் வருகிறது. தாய் லீனா வீடு வாங்க விரும்புகிறார். மகன் வால்டர் லீ மதுக்கடை தொடங்க எண்ணுகிறான். மகள் பெனீத்தாவுக்கு மருத்துவம் படிக்க ஆசை. லீனா வெள்ளையர் வட்டாரமான கிளைபோர்ன் பார்க்கில் ஒரு வீட்டிற்கு 3,500 டாலர் முன்பணம் கட்டுகிறார். எஞ்சியதை மகனிடம் ஒப்படைத்து, அதில் 3,000 டாலரைத் தங்கையின் படிப்பிற்கு ஒதுக்கி வைக்கச் சொல்கிறார். அவன் அத்தொகை முழுவதையும் தொழில் கூட்டாளியிடம் கொடுத்து ஏமாறுகிறான். இதற்கிடையில் புதிய வட்டாரத்தின் சார்பில் லிண்ட்னர் என்பவர் வந்து, அக்குடும்பம் அங்கு வராமலிருந்தால் கூடுதல் விலை தருவதாக இனிமையாகப் பேசுகிறார். பணத்தை இழந்த வால்டர் அதனை ஏற்க முதலில் முனைகிறான். இறுதியில் தன் மகனின் முன்னிலையில் மறுத்துவிடுகிறான். குடும்பம் புது வீட்டிற்குப் புறப்படுவதோடு நாடகம் முடிகிறது. அங்கு அவர்களுக்கு என்ன நேரும் என்பது கூறப்படவில்லை.

ஒற்றுமையும் வேற்றுமையும்

இரு சூழல்களிலும் குடும்பத்திற்குள் எழும் பூசல் வெளியிலுள்ள ஒடுக்குமுறையின் விளைவாகவே அமைகிறது. வாய்ப்பு ஒன்றே ஒன்றாக இருக்கும்போது ஒருவரது கனவு மற்றவரது கனவோடு மோதுகிறது. இரண்டிலும் உரிமையைப் பணம் கொடுத்து விலக்கிக்கொள்ளச் செய்யும் முயற்சி உண்டு.

வேற்றுமை ஒன்றும் முக்கியமானது. சிகாகோவில் பத்திரத்தில் எழுதப்பட்ட நிபந்தனை ஒடுக்கப்பட்டோரை நிலத்திற்கு வெளியே நிறுத்தியது. செங்கல்பட்டில் பட்டாவில் எழுதப்பட்ட நிபந்தனை நிலத்தை ஒடுக்கப்பட்டோர் கையில் நிறுத்த முயன்றது. முன்னது நீதிமன்ற ஆதரவு நீங்கியதும் சட்ட வலிமை இழந்தது. பின்னது சட்ட வலிமை இருந்தும் நடைமுறையில் மீறப்பட்டது. இனமும் சாதியும் ஒன்றல்ல என்பதும் இங்குக் கருதத்தக்கது. எனினும் ஒப்பீடு புதியதன்று. சோதிராவ் புலே 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்பிற்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குப் படைத்தார். அம்பேத்கர் 1946ஆம் ஆண்டில் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டூ போய்சுக்கு மடல் எழுதினார்.

கலை, இலக்கியத்தில்

பூமணியின் 'வெக்கை' புதினத்தைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' (2019) திரைப்படத்தின் முன்கதையில் பஞ்சமி நில மீட்பு இடம்பெற்றது. நிலத்தைக் காக்க முற்படும் ஒரு குடும்பத்தில் தந்தைக்கும் மகன்களுக்கும் இடையே எழும் கருத்து வேறுபாடு அப்படத்தின் மையமாகும். சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதை இப்படம் பெற்றது. ஆய்வு நூல்களில் ரூபா விஸ்வநாத் எழுதி 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'த பறையா ப்ராப்ளம்' என்னும் ஆங்கில நூல், செங்கல்பட்டின் மிராசு முறை, மதப்பணியாளர்கள், 1892ஆம் ஆண்டின் கொள்கை ஆகியவற்றை விரிவாக ஆராய்கிறது.

இவற்றையும் பார்க்க

* செங்கல்பட்டு மாவட்டம்
* மிராசு முறை
* இரட்டைமலை சீனிவாசன்
* அயோத்திதாசர்
* லொரெய்ன் ஹான்ஸ்பெரி
* வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989